ஐந்து பவுண்டு இட்லி

விமானக் கம்பெனியில் எப்படி இடம் கிடைத்தது என்று யார் கேட்டாலும், "கணக்கில் நல்ல மார்க்கு" என்று சொல்லி வைத்திருக்கிறேன். சுத்தப் பொய். அந்த இடத்தை எனக்கு வாங்கிக் கொடுத்தது என் அக்கா தைத்த ஒரு துணிப்பட்டை.

பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டுப் போய் இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. எனக்கு இருபது வயது. நான் பிரெஞ்சில் படித்து முடித்த நேரம் பார்த்து ஊரில் ஆபீசெல்லாம் இங்கிலீஷுக்கு மாறத் தொடங்கியிருந்தன. என் ராசி அப்படி! அப்பா பஞ்சாலையில் வேலை பார்த்தார். எனக்காக மேஸ்திரியிடம் சொல்லியும் வைத்துவிட்டார். "இந்த மாசத்துக்குள்ள வேற எதுனா கெடைச்சா போ. இல்லன்னா ஒண்ணாந்தேதி எங்கூட மில்லுக்கு வந்துடணும்" என்றார். அப்பா சொன்னால் சொன்னதுதான். எனக்கோ மில் சங்கு ஊதினாலே காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றும்.

அப்போதுதான் பேப்பரில் அந்த விளம்பரம் வந்தது. மதராசிலிருந்து தெற்கே ஆளும் சரக்கும் ஏற்றிப் பறக்கும் ஒரு சின்னக் கம்பெனி, ஆறு மாதப் பயிற்சிக்கு ஒரே ஒரு ஆள் எடுக்கிறார்களாம். விமானம் கிளம்புவதற்கு முன் யாரை எங்கே உட்காரவைப்பது, எந்த மூட்டையை எங்கே அடுக்குவது, மொத்த எடை எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பைலட்டிடம் கொடுக்கிற வேலை. நான் அதுவரை விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. அதனாலென்ன, விண்ணப்பம் போட்டேன். உயரம், எடை கேட்டிருந்தார்கள். மில்லில் பஞ்சுப் பொதி நிறுக்கும் தராசில் ஏறி நின்றேன். நாற்பத்தெட்டு கிலோ. "பொதி கட்டற சாக்கே ஒன்னவிட கனமா இருக்கும் போலருக்கே" என்றார் தராசுக்காரர். உயரம் 1.64, எடை 48 என்று எழுதி அனுப்பினேன்.

பத்து நாளில் அழைப்பு வந்தது. வீடே குதித்தது. கடைசி வரியைப் படித்த நான் மட்டும் உட்கார்ந்துவிட்டேன். நூற்றுப்பத்து பவுண்டுக்குக் குறைந்தவர்களை எடுப்பதில்லையாம். எங்களுக்குக் கிலோதான் பழக்கம், பவுண்டெல்லாம் மதராஸ்காரர்கள் சமாச்சாரம். பெருக்கிப் பார்த்தேன். நூற்றாறுதான் வந்தது. நேர்முகத்துக்கு மூன்றே நாள் இருந்தது.

"மூணு நாள்ல தின்னு ஏத்த முடியாது. கட்டி ஏத்திடலாம்" என்றாள் அக்கா.

அக்கா வீட்டிலேயே தையல் மிஷின் வைத்திருந்தாள். பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் ஊர் எல்லையில் இருந்த சுங்கச் சாவடியைத் தாண்டிச் சாமான் கடத்தினவர்கள், சட்டைக்குள் இடுப்பில் ஒரு துணிப்பட்டை கட்டிக்கொண்டு போவார்கள். எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல் தெருவில் பாதிப் பேருக்கு அதைத் தைத்துக் கொடுத்தவள் அவள். சாவடி போன பிறகு அந்தத் தொழில் படுத்துவிட்டது. எனக்காக மறுபடி எழுந்தது.

நோணாங்குப்பத்தில் தெரிந்த மீன்காரர் ஒருவரிடம், வலையின் அடியில் கட்டுகிற ஈயக்குண்டுகளை இரவல் வாங்கி வந்தேன். ஐம்பது குண்டு, இரண்டரைக் கிலோ. அக்கா முதலில் எல்லாவற்றையும் முன்பக்கமே வைத்துத் தைத்தாள். நடந்து காட்டினேன். "அய்ய, எட்டு மாசக்காரியாட்டம் நடக்கறியேடா!" என்று பிரித்துப் பின்பக்கம் மாற்றினாள். இப்போது மல்லாக்கச் சாய்ந்தேன். வாயில் ஊசியோடு அவள் என்னைக் கூடத்தில் முன்னும் பின்னும் நடக்கவிட்டாள், பிரித்தாள், தைத்தாள். கடைசியில் முன்னால் இருபது, பின்னால் பதினெட்டு, இடுப்பின் இரண்டு பக்கமும் ஆறு ஆறு. அப்புறம் நான் ராஜா மாதிரி நிமிர்ந்து நடந்தேன்.

மீனம்பாக்கத்தில் அந்த ஆபீஸ் வாசலில் குமாஸ்தாக்கள் நாலைந்து பேர் எட்டி எட்டி என்னையே பார்த்தார்கள். உள்ளே அதிகாரி என் விண்ணப்பத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா, ஒன்றரை அடி உயரம், நாப்பத்தெட்டு பவுண்டு எடைன்னு எழுதியிருக்கே. பூசணிக்காய்தான் அப்ளிகேஷன் போட்டிருக்குன்னு நெனச்சோம். அதப் பாக்கத்தான் கூப்பிட்டேன்."

"மீட்டர் சார், கிலோ சார். எங்க ஊர்ல அப்படித்தான் எழுதுவோம்."

அவர் சிரித்துவிட்டு மூட்டை நிறுக்கும் தராசைக் காட்டினார். ஏறினேன். நூற்றுப் பதினொன்று. அப்பாடா என்று இறங்கப் போனேன். அவர் பென்சிலால் ஏதோ பெருக்கினார்.

"நாப்பத்தெட்டு கிலோன்னா நூத்தாறு. இங்க நூத்திப் பதினொண்ணு காட்டுது. அஞ்சு பவுண்டு எங்கேருந்து வந்துது?"

"வர்ற வழியில இட்லி சாப்பிட்டேன் சார்."

"அஞ்சு பவுண்டு இட்லியா?"

"கெட்டிச் சட்னி சார்."

"எங்கே, ஒரு குதி குதி."

குதித்தேன். இடுப்பு முழுக்கக் கடகடத்தது.

"இட்லி சத்தம் போடுதேப்பா" என்றார்.

பட்டையை அவிழ்த்து மேஜைமேல் வைத்தேன். வாசலில் ஒரே சிரிப்பு. மானம் போச்சு, வேலை போச்சு, ஒண்ணாந்தேதி மில்தான் என்று கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. குண்டுகளைத் தடவித் தடவி எண்ணினார்.

"பின்னாடி மட்டும் ஏன் பதினெட்டு?"

"எல்லாம் முன்னாடி போட்டா கவுந்துடறேன் சார். பின்னாடி போட்டா மல்லாந்துடறேன். மாத்தி மாத்தி வெச்சுப் பாத்தோம்."

அவர் ஒரு தாளை என் முன்னால் தள்ளினார். அதில் விமானத்தின் படம். பன்னிரண்டு பேர், ஒன்பது மூட்டை, எடையெல்லாம் பக்கத்தில் எழுதியிருந்தது. "இதுங்களை ஏத்து" என்றார். எனக்கு அக்காவின் ஊசியும் எங்கள் வீட்டுக் கூடமும்தான் ஞாபகத்தில் இருந்தன. அதையே நினைத்துக்கொண்டு ஆளையும் மூட்டையையும் பிரித்து வைத்தேன். அவர் நெடுநேரம் பார்த்தார். ஒரே ஒரு மூட்டையை மட்டும் கொஞ்சம் பின்னால் தள்ளினார்.

"பயிற்சிக்கு வா. ஒரு மாசத்துல நெசமாவே நாலு பவுண்டு ஏறிக் காட்டணும். இன்னொண்ணு. பைலட் உன் தாளை நம்பித்தான் மேலே போவான். அதுல இட்லி இருக்கக் கூடாது" என்று சொல்லி, விண்ணப்பத்தில் 48ஐ அடித்து 106 என்று எழுதினார்.

நான் கதவுவரை போனதும் கூப்பிட்டார். "குண்டை இப்படிப் பிரிச்சு வெக்க யாரு சொல்லிக் குடுத்தா?"

"எங்க அக்கா சார்."

"அடப்பாவி, அவங்களையில்ல அனுப்பியிருக்கணும்! வேலையை அவங்களுக்கே குடுத்திருப்பேனே."

வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். விஷயத்தைக் கேட்டதும் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, மில் வேலை வேண்டாமென்று சொல்ல மேஸ்திரி வீட்டுக்குக் கிளம்பினார். அக்கா பட்டையைப் பிரித்து, ஐம்பது குண்டும் சரியாக இருக்கிறதா என்று எண்ணினாள். இட்லி கதையைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"வேற என்னடா சொன்னாரு?"

"வேற ஒண்ணும் சொல்லல."

என்னைப் படிக்கவைக்க வேண்டும் என்று அவளை ஐந்தாவதோடு நிறுத்தினார்கள். அதிகாரி விளையாட்டுக்குச் சொன்னதை அவளிடம் எதற்குச் சொல்ல வேண்டும் என்று அப்போது என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அதுவும் பொய்தான். சொல்லியிருந்தால் அவள் மிஷினை மூடி வைத்துவிட்டு மறுநாள் முதல் பஸ்சுக்கே கிளம்பியிருப்பாள். எனக்கு அந்தப் பயம்தான்.