சூடான இருக்கை

டென்மார்க்கில் ஹேர்னிங் நகரத்துக்கு வெளியே, காட்டில் மரம் வெட்டுகிற கொம்பனியில் மச்சானுக்கு வேலை எடுத்துக் கொடுத்ததே நான்தான். மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. வந்த அடுத்த குளிர்காலமே அவனை மரம் வெட்டும் மெஷினில் ஏற்றிவிட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

அந்த மெஷினின் இருக்கை சூடாகும். கண்ணாடிக் கூண்டுக்குள் மெல்லிய சட்டையோடு இருந்து, பாட்டுக் கேட்டபடி, ஊசியிலை மரங்களைப் பிடித்துச் சாய்ப்பான். நான் வெளியே, சேற்றுக்குள். இங்கே குளிர்காலம் என்றால் பனியை விட மழைதான் அதிகம். மரம் ஏற்றுகிற லொறி நாலு தரம் போய்வந்தால் காட்டுப் பாதை களியாகிவிடும். பள்ளத்துக்குச் சல்லி போடுவதும், பாதையோரம் தண்ணீர் ஓடும் கானில் அடைத்த இலையை வழிப்பதும், பாதைக்குக் கீழே போகும் குழாயின் அடைப்பைக் குத்திவிடுவதும் என் பாடு. மத்தியானத்தில் கூண்டுக் கதவைத் திறந்து, ஏறி வந்து கொஞ்சம் குளிர் காயச் சொல்லுவான். குளிரவில்லை என்று சொல்லிவிட்டு நடுங்கிக்கொண்டு நிற்பேன்.

கோவிலில் கண்டவர் நின்றவருக்கெல்லாம் மனைவி தம்பியின் மெஷின் புராணம்தான். நான் என்ன வேலை என்று யாராவது கேட்டால், "இவரும் அங்கதான்" என்று முடித்துவிடுவாள்.

போன மாசியில் இரண்டாவது மெஷின் வருவதாகக் கதை அடிபட்டது. பழைய ஆள் நான். ஓட்டுகிற பயிற்சியும் முடித்து வைத்திருந்தேன். இந்த முறை இருக்கை எனக்குத்தான் என்று நம்பி, முதலாளியின் கண்ணில் படட்டும் என்று பாதையைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். அந்த மழையிலும் ஒரு லொறி புதையவில்லை.

முதலாளி கூப்பிட்டார். பாதை இவ்வளவு திறமாக ஒருநாளும் இருந்ததில்லை என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். புது மெஷினுக்கு ஓகூஸ் நகரத்திலிருந்து ஒரு பெடியனை எடுத்திருப்பதாகவும், என்னைப் பாதையிலிருந்து எடுக்கத் தனக்கு மனமில்லை என்றும் அடுத்த மூச்சில் சொன்னார்.

வெளியே மச்சான் சிரித்தபடி நின்றான். ஆளை எடுக்க முன் முதலாளி அவனிடமும் என்னைப் பற்றி விசாரித்தாராம்.

"நான் வடிவாச் சொல்லிப்போட்டன் அத்தான். உங்களை விட்டா இந்த றோட்டைப் பாக்க வேற ஆளில்லை எண்டு."

நல்ல மனதோடுதான் சொல்லியிருக்கிறான், பாவி. அவன் முகத்தைப் பார்க்கவே தெரிந்தது. அதற்கு நான் அவனுக்கு நன்றி வேறு சொன்னேன்.