சும்மா மூச்சு விட்டால் போதும்

எங்கள் மகளுக்கு நாலு வயது முடிவதற்குள் அவள் நெஞ்சு இழுக்கும் சத்தம் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. சளி பிடித்தால் போதும், மறுநாளே விலா உள்ளே ஒடுங்கும். காந்தி ரோட்டுப் பட்டுக் கடையில் எனக்குப் பில் போடும் வேலை. முகூர்த்த நாளில் லீவு கேட்டால் முதலாளி முகம் மாறும். இருந்தாலும் கேட்டுவிட்டுச் செவிலிமேட்டு வீட்டிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். கிளினிக்கில் முகமூடி மாட்டி ஆவி மருந்து வைப்பார்கள். அடுத்த சளி வரைக்கும் நிம்மதி.

தினமும் உறிஞ்சுகிற பம்பு மருந்தைத் தொடங்கலாம் என்று டாக்டரம்மா சொல்லும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய்விடுவார். ஐயம்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர் அவர். அவருடைய அக்காவுக்கும் இழுப்பு இருந்தது. அந்த அக்காவை நான் பார்த்ததில்லை. அக்காவுக்குக் கல்யாணமான வருஷமே, மூச்சு முட்டினால் உறிஞ்சுகிற நீலப் பம்பு கையில் இருக்கும்போதே மூச்சு நின்றுவிட்டதாம்.

"அந்தப் பம்புதான் எங்க அக்காவைக் கொண்டுபோச்சு. எம் பொண்ணு வாயில அது படக் கூடாது."

டாக்டரம்மாவிடம் அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு மகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

ஆஸ்துமாதானா என்று உறுதி செய்ய, ஒரு குழாயில் ஓங்கி ஊதச் சொன்னார்கள். மகள் குழாயை எச்சிலாக்கிச் சிரித்தாள். "சென்னையில இப்ப வேற மிஷின் வந்திருக்குதுமா. ஊத வேணாம், சும்மா மூச்சு விட்டாப் போதும்," என்று டாக்டரம்மா ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். சோதனை மட்டும்தானே என்று என் வீட்டுக்காரரும் கூட வந்தார்.

மூக்கில் கிளிப்பு, வாயில் குழாய். "யாராவது கன்னத்தை அழுத்திப் பிடிக்கணும். கன்னம் அதிர்ந்தா அளவு தப்பாயிடும்," என்றாள் மிஷின் பார்க்கிற பெண். நான் போனதும் மகள் குழாயைத் துப்பினாள். "நீ வேணாம். அப்பா!"

அவர் முட்டி போட்டு உட்கார்ந்து இரண்டு கைகளாலும் கன்னத்தைப் பிடித்தார். மிஷின் டுப்டுப்பென்று மெதுவாக அதிர்ந்தது. அப்பாவையே பார்த்துக்கொண்டு மகள் மூச்சு விட்டாள்.

அடுத்து மருந்து கொடுத்து மறுபடி அளக்க வேண்டுமாம். அந்தப் பெண் எடுத்தது நீலப் பம்பு. இவர் எழுந்துவிட்டார். "வேணாம்மா. கெளம்பலாம்."

அங்கிருந்த டாக்டருக்கு வயது குறைவு. இவரை உட்காரவைத்து, அக்கா கதையை முழுதாகக் கேட்டார்.

"அவங்க வேற மருந்து எதுனா எடுத்தாங்களா?"

"இல்ல சார். மூச்சு முட்டும்போது இது மட்டும்தான்."

"இது சுருங்கின மூச்சுக்குழாயைத் திறந்து விடும், அவ்ளோதான். உள்ள இருக்குற வீக்கத்தைத் தொடாது. அதுக்குத் தினம் எடுக்குற வேற பம்பு இருக்குது. அது அவங்களுக்குக் கிடைக்கல. பம்பு அவங்களக் கொல்லலைங்க."

இவர் மகள் பக்கத்தில் போய் நின்று, "குடுங்க," என்றார்.

இரண்டாவது தடவையும் அவர்தான் கன்னத்தைப் பிடித்தார். திரையில் முதல் கோட்டுக்கு நன்றாகக் கீழே இரண்டாவது கோடு விழுந்தது. மருந்தில் அடைப்பு அவ்வளவு குறைந்திருக்கிறது, அப்படியென்றால் ஆஸ்துமாதான் என்றார் டாக்டர்.

"அப்ப எங்க அக்காவுக்கு யாரும் சொல்லவே இல்லியா சார்?"

"அப்பல்லாம் நெறைய பேருக்கு இத மட்டும்தான் குடுத்துக்கினு இருந்தாங்க."

திரும்பும்போது பஸ் சுங்குவார்சத்திரம் தாண்டியது. மகள் அவர் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"எங்க அக்கா சிரிச்சா கன்னத்துல குழி விழும்," என்றார். அதுவரைக்கும் அக்காவைப் பற்றி, இறந்துபோனதைத் தவிர அவர் எதுவும் சொன்னதில்லை. அன்று வீடு வந்து சேரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

இப்போது காலையில் ஆட்டோ எடுப்பதற்கு முன், டாக்டர் எழுதிக் கொடுத்த தினசரிப் பம்பைக் கொடுப்பது அவர் வேலை. கொடுத்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும். மகள் அந்தத் தண்ணீரை அவர் காலில்தான் துப்புவாள். இந்த மழைக்கு இருமல் வந்தது. ஒரு நாள் லேசாக இழுத்தது, நீலப் பம்பை வைத்து வீட்டிலேயே சமாளித்தோம். கிளினிக்குக்கு ஓடவில்லை. நானும் கடைக்கு லீவு போடவில்லை.