நடைமேடை எட்டாத பெட்டி

எங்கள் பேட்டையின் ரயில் நிலையம் செங்கல் சூளைத் தொழிலாளர்களுக்காகக் கட்டியது. அப்போது வந்தது குட்டி ரயில். அதற்கேற்ற குட்டி நடைமேடை. பிறகு சூளைகள் மூடின, வீடுகள் முளைத்தன, ரயிலும் நீண்டது. நடைமேடை மட்டும் வளரவில்லை. மாலை ரயிலில் வால்பக்கம் வரும் பெண்கள் பெட்டி, சரளைக் கற்களுக்கு மேல்தான் நிற்கும்.

என் அத்தை ஆடைத் தொழிற்சாலையில் பிசிறு வெட்டுபவர். ரயில் நின்றதும் முதலில் குதிப்பவர் அவர்தான். காலை அகட்டி ஊன்றிக்கொண்டு தோளைக் காட்டுவார். மற்றவர்கள் அதில் கைவைத்து ஒவ்வொருவராக இறங்குவார்கள். அவருக்குப் பட்டப்பெயரே ‘ஏணி’. அதில் அத்தைக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

போன மழைக்காலத்தில், அதே பெட்டியில் வரும் பொத்தான் தைப்பவள் அத்தையின் தோளிலிருந்து வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது, வேலையும் போயிற்று. சில மாதங்களில் நிலையத்தைப் புதுப்பிக்க ஆட்கள் வந்து இறங்கினார்கள். முழு நீளத்துக்கும் கூரை, லிஃப்ட், வழவழப்பான தரை என்றார்கள். நடைமேடையை நீட்டுவது பற்றிப் பேச்சே இல்லை.

அந்த வேலையை நடத்த நிலையத்திலேயே அறை போட்டிருந்த பொறியாளரைப் பார்க்க அத்தை போனார். துணைக்கு நானும் போனேன். அவர் நாற்காலி போடச் சொல்லிப் பொறுமையாகத்தான் கேட்டார்.

“இத்தனை வருஷத்துல அந்தப் பெட்டியிலேர்ந்து ஒரு புகார்கூட வரலையேம்மா. வண்டியும் நேரத்துக்குக் கிளம்பிடுது. கஷ்டம்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?”

அத்தை எழுந்து வந்துவிட்டார். பாதி வழியில் நின்றார். “அவர் சொல்றது சரிதான்டி. நாங்க அவ்வளவு நல்லா இறங்கிட்டோம்.”

வீட்டில் மாமா, “ஊருக்கு உழைச்சது போதும். பேசாம நடுப்பெட்டியில ஏறிக்கோ” என்றார்.

“அங்க மூச்சு விட இடமிருந்தா ஏற மாட்டேனா? இப்ப விட்டா இன்னொரு தலைமுறைக்கு இந்த ஸ்டேஷன்ல கை வைக்க மாட்டாங்க. நாளைக்கு நான் குதிக்கப் போறதில்ல.”

மறுநாள் மாலை நடைமேடையின் கோடியில் போய் நின்றேன். ரயில் வந்தது. அத்தை கம்பியைப் பிடித்தபடி கதவிலேயே நின்றார்.

“இறங்குடி ஏணி, அடுப்பு பத்த வைக்கணும்” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

“ஏணி உடைஞ்சு போச்சு. நீயே குனிஞ்சு பாரு, எவ்வளவு பள்ளம்னு.”

குனிந்து பார்த்தார்கள். ஒருத்தியும் குதிக்கவில்லை.

ரயில் கார்டு தலையை நீட்டினார். “இறங்குங்கம்மா, வண்டி கிளம்பணும்.”

“மாட்டோம்னு சொல்லலையே. மேடையை இங்க கொண்டாங்க, இறங்கறோம்.”

பெட்டிக்குள் சிரிப்பு. முன்பெட்டிகளிலிருந்து வசவு. பொறியாளர் வேகமாக வந்தார். நடைமேடை முடிந்த இடத்தில் சற்றுத் தயங்கி, கற்களில் இறங்கி, அண்ணாந்து அத்தையைப் பார்த்தார்.

“மேல எழுதறேன். ஆனா ரெண்டுக்கும் பணம் தர மாட்டாங்க. மேடை நீண்டா பாதிக் கூரை போயிடும்.”

அத்தை உள்ளே திரும்பினார். “என்னடி, நனையலாமா?”

“காலு நேரா இருந்தா நனைஞ்சுக்கறோம்” என்றாள் ஒருத்தி.

கட்டட ஆட்கள் சாரப் பலகையைச் சாய்த்து வைத்தார்கள். எல்லோரும் இறங்கிய பிறகே அத்தை இறங்கினார். அதன்பின் மேடை நீட்டும் வேலை தொடங்கும்வரை தினமும் பொறியாளரின் அறை வாசலில் தலையைக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார்.

நடைமேடை நீண்டது. கூரை பாதியில் நின்றது. முதல் மழையில், நடுப்பெட்டியிலிருந்து இறங்கிய வங்கிக்காரர் ஒருவர் சொட்டச் சொட்ட அத்தையிடம் வந்தார்.

“எங்களை ஒரு வார்த்தை கேட்டீங்களா? உங்களாலதான் நாங்க நனையறோம்.”

“கேக்கல, தப்புதான்” என்றார் அத்தை, தலையைத் துடைத்தபடி. “ஆனா நனைஞ்சது காஞ்சுடும் தம்பி. எலும்பு அப்படியில்ல. மீதிக் கூரையைக் கேக்க நாளைக்குப் போறேன். நீங்களும் வாங்க.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கத் துடைக்க நனைந்தது.

“எத்தனை மணிக்கு?” என்றார்.