இன்ஸ்பெக்‌ஷனுக்கு இரவல் போன பிள்ளைகள்

பாச்சை உருண்டை வாசனை மூக்கில் ஏறினால் மற்றவர்களுக்குப் பட்டுப்புடவை ஞாபகம் வரும். எனக்கு ஒரு பழைய நீலப் பாவாடைதான் ஞாபகம் வரும். டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்த அந்தப் பள்ளிக்கூடப் பாவாடையை அம்மா ஒருநாள் காலையில் வெளியே எடுத்து உதறி, ஒரு வருடத்தில் நான் வளர்ந்துவிட்ட நாலு விரற்கடைக்காகக் கீழ்மடிப்பைப் பிரித்துவிட்டு, இஸ்திரி போட்டு எனக்குக் கட்டிவிட்டாள். மேலே சாயம் போய் வெளுத்திருந்தது, மடிப்புக்குள் இருந்த துணி மட்டும் வாங்கிய நாளின் கருநீலத்திலேயே இருந்தது. அந்தப் பள்ளியில் நான் அப்போது படிக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படிக்காத பள்ளிக்கூடத்துக்கு யூனிபார்ம் போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்த கதை இது.

எண்பதுகளின் கடைசி. கிழக்குத் தாம்பரத்தில், ஏரிப் பக்கம் போகும் தெரு ஒன்றில் எங்கள் வீடு. தெருக்கோடியில் ஓட்டுக் கூரை போட்ட ஒரு தொடக்கப் பள்ளி இருந்தது. இடம் ஒரு மிஷனுடையது, சம்பளம் அரசாங்கத்துடையது, பிள்ளைகள் எங்கள் தெருவைச் சேர்ந்தவர்கள். அங்கேதான் நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தேன். மூன்று வருடமும் எங்களுக்கு ஒரே டீச்சர், எஸ்தர் டீச்சர். நாங்கள் வகுப்பு ஏற ஏற அவரும் கூடவே ஏறி வந்தார். அவருடைய மகளும் அதே பள்ளியில்தான் ஒன்றாம் வகுப்பு படித்தாள். எங்கள் அம்மாக்களுக்கும் அவருக்கும் இருந்த பழக்கத்தை இப்போதைய 'பேரன்ட்ஸ் மீட்டிங்'கோடு ஒப்பிடவே முடியாது. மாலையில் வீடு திரும்பும்போது வாசலில் நின்று, "கலைவாணி இன்னிக்குத் தயிர்சாதத்த அப்படியே கொட்டிட்டாம்மா" என்று சொல்லிவிட்டுப் போவார். அப்புறம் எனக்கு வீட்டில் நடப்பது நடக்கும். பள்ளிக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டுமென்றால் எங்கள் அப்பாக்கள் ஞாயிற்றுக்கிழமை மட்டையும் வாளியுமாகப் போவார்கள். குடிதண்ணீர்ப் பானைக்கு அம்மாக்கள் முறை வைத்துத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவார்கள். சங்கம், கூட்டம், தீர்மானம் என்று எதுவும் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

அப்புறம் எங்கள் தெருவுக்குக் 'கான்வென்ட்' வந்தது. பெயர்தான் கான்வென்ட், கன்னியாஸ்திரி ஒருவர்கூடக் கிடையாது. ஒரு வாடகை வீட்டின் மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்டு நடத்திய இங்கிலீஷ் மீடியம் பள்ளி. எலாஸ்டிக் வைத்த சிவப்பு டை, கறுப்பு ஷூ, வெள்ளை சாக்ஸ். தினமும் மின்சார ரயிலில் பீச் ஸ்டேஷன் வரைக்கும் வேலைக்குப் போய்வந்த என் அப்பாவுக்கு, ஆபீஸில் இங்கிலீஷ் பேசத் தெரிந்தவனுக்கு இருக்கும் மரியாதை பற்றி ஒரு தீராத மனக்குறை இருந்தது. அந்தக் குறையை நான் தீர்த்துவைக்க வேண்டும் என்று முடிவாயிற்று. மூன்றாம் வகுப்பு முடித்தவளை அவர்கள் மறுபடியும் மூன்றாம் வகுப்பிலேயே போட்டார்கள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆனால் டை கழுத்தில் ஏறியதும் கோபம் இறங்கிவிட்டது, பொய் சொல்வானேன். என்னோடு படித்தவர்களில் இன்னும் எட்டுப் பேர் அப்படியே வந்து சேர்ந்தார்கள். கான்வென்டில் டி.சி. கேட்கவில்லை, ஆகவே நாங்களும் பழைய பள்ளியில் போய் வாங்கவில்லை. அங்கே பதிவேட்டில் எங்கள் ஒன்பது பேர் பெயரும் அப்படியே இருந்தன. நான் போகாமலே தினமும் அங்கே ஆஜராகிக்கொண்டிருந்தேன் என்பது எனக்குப் பின்னால்தான் தெரியும்.

இத்தனை பிள்ளைகளுக்கு ஒரு டீச்சர் என்று அரசாங்கத்துக்கு ஒரு கணக்கு உண்டு. பிள்ளைகள் குறைந்தால் ஒரு டீச்சர் 'சர்ப்ளஸ்' ஆகிவிடுவார். கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவரை எங்கே காலியிடமோ அங்கே தூக்கிப் போடுவார்கள். கடைசியாகச் சேர்ந்தவர் எஸ்தர் டீச்சர். அந்த வருடம் கல்வி அதிகாரி நேரில் வந்து தலை எண்ணப் போகிறார் என்று செய்தி வந்தது. நாலாம் வகுப்புப் பதிவேட்டில் முப்பத்தோரு பெயர், பெஞ்சில் உட்கார்ந்திருப்பதோ இருபத்திரண்டு. ஆகவே தலைமை ஆசிரியரும் எஸ்தர் டீச்சரும் ஒருநாள் மாலை ஒன்பது வீட்டுக்கும் ஏறி இறங்கினார்கள்.

எங்கள் வீட்டில் தலைமை ஆசிரியர்தான் பேசினார். டீச்சர் தலையைக் குனிந்தபடி முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். ஒரே ஒரு நாள், பிள்ளை சும்மா வந்து உட்கார்ந்தால் போதும், பெயர் ஏற்கெனவே இருக்கிறது, பொய்ப் பெயர்கூடச் சொல்ல வேண்டாம் என்றார். அம்மா, அவர் வந்துதான் சொல்ல வேண்டும் என்று யோசித்தாள். 'அவர்' என்றால் அப்பா. ரயில் இன்னும் வரவில்லை. அப்போது பக்கத்து வீட்டு சரோஜா அக்கா சொம்போடு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டார். அவர் மகன் பாபு அந்தப் பள்ளியிலேயே தொடர்ந்தவன். டீச்சர் போனால் முதலில் தலையில் கை வைக்க வேண்டியவர் அவர்தான்.

"ஒரு நாளிக்குப் பொண்ண அனுப்பினா இன்னா கொறஞ்சிடப் போவுது? அதுக்கு அ, ஆ சொல்லிக்குடுத்ததே அந்தம்மாதானே" என்றார், அம்மாவைப் பார்க்காமல் கதவைப் பார்த்து.

அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. சரி என்று சொன்னாள். இன்ஸ்பெக்‌ஷன் அன்று ஒன்பது பேருக்கும் காய்ச்சல் வந்தது. 'ஆஸ் மை டாட்டர் இஸ் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்று தொடங்கும் லீவ் லெட்டரை எங்கள் அப்பா ஒரு தாளில் எழுதிக் கொடுக்க, அதைப் பார்த்து மற்ற எட்டு வீட்டிலும் எழுதிக்கொண்டார்கள். பெண்பிள்ளை கடிதத்தைப் பார்த்து எழுதிய ஒரு பையனின் அப்பா 'மை டாட்டர்' என்று எழுதி அனுப்பிவிட்டார். அதைக் கேட்டு மறுநாள் கான்வென்ட் மாடியே சிரித்தது.

பழைய வகுப்பில் எங்களைச் சேர்ந்தாற்போல் உட்காரவைக்கவில்லை. பெஞ்சுக்கு ஒருவராக, சாதத்தில் பருப்பைக் கலப்பதுபோல் கலந்து உட்காரவைத்தார்கள். ஷூ போடக் கூடாது, டை கூடாது, கேட்டால் ஒழிய வாயைத் திறக்கக் கூடாது. எஸ்தர் டீச்சர் புதிதாகக் கஞ்சி போட்ட காட்டன் புடவை கட்டியிருந்தார். பலகையில் எழுதிய தேதியை அவர் இரண்டு தடவை அழித்து எழுதியதை முதல் பெஞ்சிலிருந்து நான் பார்த்தேன். எப்படியாவது இந்த டீச்சரைக் காப்பாற்றிவிட வேண்டும் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

பத்தரை மணிக்கு அதிகாரி உள்ளே வந்தார். மூக்குக்கண்ணாடி போட்ட, ஒல்லியான, கடுகடுப்பில்லாத மனிதர். அந்தப் பள்ளியில் பெரியவர்கள் வந்தால் எழுந்து, கைகூப்பி, "வணக்கம் ஐயா" என்று சட்டென்று சொல்லி முடித்துவிடுவார்கள். கான்வென்டில் அப்படி இல்லை. அங்கே வணக்கத்தை ராகம் போட்டுப் பாட வேண்டும். நாலு மாதமாகத் தினமும் பாடிப் பாடி அது எங்கள் தொண்டையிலேயே உட்கார்ந்துவிட்டிருந்தது. ஆள் வாசலில் தெரிந்ததும் நான் விருட்டென்று எழுந்து, கையைப் பக்கவாட்டில் ஒட்டிவைத்துக்கொண்டு, "குட்... மா...ர்னிங்... சா...ர்" என்று ஆரம்பித்துவிட்டேன். நான் ஆரம்பித்ததும் மற்ற எட்டுப் பேரும் அவரவர் மூலையிலிருந்து சேர்ந்துகொண்டார்கள். இருபத்திரண்டு பிள்ளைகள் கும்பிட்டுக்கொண்டு நிற்க, ஒன்பது பேர் மட்டும் பாடி முடித்தோம்.

அதிகாரி ஒவ்வொரு மூலையாக எங்களைப் பார்த்தார். "உக்காருங்க" என்றார். நாங்கள் ஒன்பது பேரும், "தேங்க்... யூ... சா...ர்" என்றோம்.

இன்றைக்கு இதைச் சொன்னால் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அன்று டீச்சரின் முகத்தைப் பார்த்த எனக்கு, காலடியில் தரை பிளந்து என்னை விழுங்கிவிட்டால் தேவலை என்றிருந்தது. தலைமை ஆசிரியர் அவசரமாக, இங்கே இங்கிலீஷும் சொல்லிக்கொடுக்கிறோம் என்று ஏதோ சமாளித்தார். அதிகாரி என்னை எழுப்பித் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைக் காட்டி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன், ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை. யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். எஸ்தர் டீச்சர் என்றேன். அன்று காலையிலிருந்து அந்த அறையில் நடந்ததில் கலப்படமில்லாத உண்மை அது ஒன்றுதான். அதைச் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

மதியம் இன்னொரு கூத்து. எங்களுக்குச் சத்துணவு இறங்காது என்று பயந்து, ஒன்பது அம்மாக்களும் டிபன் டப்பாவோடு பள்ளி வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். அதிகாரி பைக்கில் கிளம்பப் போனவர், வரிசையாக நின்ற டப்பாக்களைப் பார்த்து நின்றார். என் அம்மாதான் முன்னால் இருந்தாள்.

"உங்க பொண்ணு நல்லா படிக்குதும்மா. வர்ற ஜூன்லருந்து தினமும் அனுப்புங்க. நான் ஜூன் வரைக்கும் சர்ப்ளஸ் பேப்பர நகத்தாம வெச்சிருக்கேன். அதுக்கு மேல என்னால முடியாது."

திட்டவில்லை, மிரட்டவில்லை. அம்மா தலையை ஆட்டினாள்.

ஆக, எங்களுக்கு அரை வருடத்துக்கு மேல் தவணை இருந்தது. மே மாதக் கடைசியில் எஸ்தர் டீச்சர் தனியாக வீட்டுக்கு வந்தார். அன்று அப்பாவும் இருந்தார். அம்மா காபி போட்டாள். காய்ந்த வெயிலைப் பற்றியும் வற்றிப்போன கிணற்றைப் பற்றியும் கொஞ்ச நேரம் பேசினார்கள். கிளம்பும்போதுதான் டீச்சர், பாப்பாவை அனுப்ப முடியுமா என்று கேட்டார். அப்பா, "பார்க்கலாம் டீச்சர்" என்றார். எங்கள் வீட்டில் அப்பா 'பார்க்கலாம்' என்றால் முடியாது என்று அர்த்தம், அது எனக்கே தெரியும். டீச்சர் என்னைப் பார்த்து, நீ வர்றியா கலை என்று கேட்டார். எனக்கு அவரை உயிராகப் பிடிக்கும். ஆனால் சுவரில் ஆணியில் தொங்கிய சிவப்பு டையையும் பிடித்திருந்தது. அடுப்பங்கரைக்கு ஓடிவிட்டேன். மற்ற எட்டு வீட்டிலும் கிட்டத்தட்ட இதே காபியும் இதே பதிலும்தான் என்று சரோஜா அக்கா அம்மாவிடம் சொன்னார். சொல்லிவிட்டு, ஒரு மாதம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

ஆகஸ்டில் டீச்சருக்கு ஆர்டர் வந்தது. மதுராந்தகத்தையும் தாண்டி, பஸ் விட்டு இறங்கி நடக்க வேண்டிய ஒரு கிராமம். கணவர் வேலையை விட்டுவர முடியாமல் இங்கேயே இருக்க, மகளை அழைத்துக்கொண்டு அவர் அங்கே ஒற்றை அறை எடுத்துக்கொண்டு போனார். நான் இங்கிலீஷ் மீடியத்திலேயே படித்து, நன்றாகவே படித்து, கிண்டியில் ஒரு ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தேன். அப்பாவின் குறை தீர்ந்தது. ஆனால் எங்கேயாவது யாராவது ராகம் போட்டு குட் மார்னிங் சொல்லிக் கேட்டால், நான்தான் அன்றைக்கு எழுந்து முதலில் வாயைத் திறந்து அந்தம்மாவின் இடத்துக்கு உலை வைத்தேன் என்று மனம் குறுகும். அப்படியே முப்பது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது.

இப்போது நான் ஊரப்பாக்கத்தில் இருக்கிறேன். அந்தத் தெருவுக்கு எப்போதாவது போனால், பள்ளி இருந்த இடத்தில் நாலு மாடி அடுக்ககமும் அதன் கீழே வரிசையாகக் கார்களும் நிற்கின்றன. டை கட்டிவிட்ட கான்வென்டும் இல்லை. அதைவிடப் பெரிய பள்ளி வந்து அதை விழுங்கிவிட்டது. பிள்ளையைக் கேட்டு டீச்சர் வீட்டுப் படியேறும் காலமும் போய்விட்டது. என் மகளின் பள்ளியில் இடம் கேட்டு நான்தான் விண்ணப்பத்தோடு வரிசையில் நின்றேன்.

சென்ற வருடம் சரோஜா அக்கா மகன் பாபுவின் மகள் நிச்சயதார்த்தத்தில் எஸ்தர் டீச்சரைப் பார்த்தேன். முடி முழுக்க நரைத்து, காது கொஞ்சம் மந்தமாகியிருந்தது. என்னை அடையாளம் தெரிந்ததும் கையைப் பிடித்துக்கொண்டு, பந்தியில் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டார். மகள் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருப்பதைப் பற்றி, முழங்கால் வலியைப் பற்றியெல்லாம் சொன்னார். நான் அடக்கி அடக்கிப் பார்த்துவிட்டுக் கடைசியில் பாயசம் வரும்போது சொல்லிவிட்டேன்: அன்று நான் மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தால் உங்களை அவ்வளவு தூரம் தூக்கிப் போட்டிருக்க மாட்டார்கள் டீச்சர், என்னால்தான்.

அவர் சிரித்தார். "போ அசடு. நீ பாடலன்னாலும் அவருக்குத் தெரிஞ்சிருக்கும். அத நான் அன்னிக்கே மறந்துட்டேன். அந்த ஜூன்லதான் எனக்குக் கொஞ்சம் கஷ்டமா இருந்துச்சு கலை. ஸ்கூல் தொறந்த அன்னிக்கு, நீங்க ஒன்பது பேரும் வருவீங்கன்னு, பெஞ்சுக்கு ஒரு இடம் விட்டுத்தான் மத்த பிள்ளைங்கள உக்கார வெச்சேன்."

பாயச டம்ளரைக் கீழே வைத்தேன். எத்தனை நாள் அப்படி விட்டுவைத்தீர்கள் என்று கேட்டேன்.

"ஆர்டர் வர்ற வரைக்கும்" என்றார்.