ஹெல்மெட் மாத்திரை

மருந்துக்கடையில் டாக்டர் எழுதியதைக் கேட்பவரால் தொல்லை இல்லை. எழுதாததைக் கேட்பவரால்தான் நமக்குத் தலைவலி. கல்லாவில் உட்கார்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். என் கடை ரெட்டியார்பாளையத்தில், ஃபுட்பால் மைதானத்துக்கு எதிரே. தலைவலிக்குக் கேட்கவா வேண்டும்?

பெயர் வைத்தவன்

சேகர் குருசுக்குப்பத்துக்காரன். டீமில் டிஃபென்ஸ். நல்ல உயரம். மேலே வரும் பந்தெல்லாம் அவன் தலைக்குத்தான். ஒருநாள் வேர்வை சொட்டச் சொட்ட வந்து "ஹெல்மெட் மாத்திரை" கேட்டான். எனக்குப் புரியவில்லை. போனை நீட்டினான். மீன் எண்ணெய் மாத்திரை. அதைத் தினம் போட்டால் தலையில் படும் சின்ன அடிகள் மூளையைத் தொடாதாம். எவனோ வீடியோவில் சொல்கிறான்.

ஆராய்ச்சி நடக்குது, காக்கும்னு உறுதியா யாரும் சொல்லல என்றேன். தலைவலி உண்டா என்று கேட்டேன். லேசா இருக்கு என்றான். டாக்டரைப் பார் என்றேன். சிரித்தான். சத்து மாத்திரைக்குச் சீட்டு தேவையில்லை. எடுத்துக் கொடுத்தேன்.

"மயங்கி விழுந்தாத்தான பாய் அடி? இது சும்மா தட்டுறது."

கூடையோடு வந்தவர்

அடுத்து வந்தவர் அவன் அம்மா அஞ்சலை. மீன் விற்கிறவர். கூடையை வாசலில் இறக்கிவிட்டு டப்பாவை என் முன்னால் வைத்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டார். மீன் எண்ணெய் என்றேன். ஒரு முறை என்னைப் பார்த்தார், ஒரு முறை கூடையைப் பார்த்தார்.

பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். லைட்டைப் போட்டால் கத்துகிறானாம். சோற்றின் முன்னால் உட்கார்ந்து சுவரைப் பார்க்கிறானாம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்க என்றேன். மேட்ச் முடியாமல் வரமாட்டானாம். அம்மா கோபம் என் மேல் திரும்பியது.

"நான் ஆக்கி வெச்ச மீனத் தொடமாட்டேங்கிறான், உங்க டப்பா மீனத் திங்கிறான். நான் வேணா இங்க குந்திக்கிறேன், நீங்க கூடையத் தூக்கினு போங்க பாய்."

கோச்சின் யோசனை

கோச் அந்துவான் சொல்தா குடும்பம், அதாவது தாத்தா காலத்தில் பிரெஞ்சுப் பட்டாளம். மைதானத்தில் "அலே! அலே!" என்று பிரெஞ்சில் விரட்டிக் கத்தினால் என் கடைக் கண்ணாடி அதிரும். சேகருக்கு ஓய்வு கொடு என்று சொல்ல நானே ரோட்டைத் தாண்டிப் போனேன். அங்கே கார்னர் கிக் பயிற்சி. பந்து வந்துகொண்டே இருக்கிறது. சேகர் ஒருத்தன்தான் முட்டுகிறான். மற்றவர்கள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கிறார்கள்.

ஏன்யா அவன் ஒருத்தனையே போட்டு இடிக்கிற என்று கேட்டேன். அந்துவான் என்னைப் பார்த்துச் சிரித்தார். அவருக்கு அவர் செய்வது ரொம்பச் சரி.

"மாத்திரை போடாதவன் மண்டைய ஏன் கெடுக்கணும் பாய்? மாத்திரை போடுறவன் முட்டட்டும்."

சட்டைப் பையில்

மறுநாள் காலையில் சேகர் ஒரு டப்பா வாங்கினான். ஏன் கொடுத்தாய் என்று கேட்காதீர்கள். நான் தொழுகைக்குப் போயிருந்தேன். கொடுத்தது கடையிலிருந்த ஃபார்மசிஸ்ட் கலா. சாயந்தரம் மறுபடி வந்து அதே டப்பா கேட்டான். கலா அவன் சட்டைப் பையைக் காட்டினாள். பை புடைத்திருந்தது. எடுத்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஊரான் வீட்டுச் சாமானைப் பார்ப்பதுபோல.

ஷட்டரை இறக்கச் சொன்னேன். ஆட்டோ பிடித்தேன். "மேட்ச்" என்று ஆரம்பித்தான். ஏறுடா என்றேன். அஞ்சலைக்குப் போன் போட்டு நேரே பெரிய ஆஸ்பத்திரிக்கு வரச்சொன்னேன். வழியெல்லாம் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வந்தவன் மெதுவாகக் கேட்டான்.

"இத நான் யார்கிட்ட வாங்கினேன் பாய்?"

மேட்ச் அன்று

டாக்டர் பந்தைத் தொடக்கூடாது என்றார். எல்லாம் சரியாகி, அவர் சொன்ன பிறகுதான். எப்போது சரியாகும் என்று அஞ்சலை கேட்டார். பார்ப்போம் என்றாராம். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அந்தம்மா இன்னும் சுற்றி வருகிறார்.

மேட்ச் அன்று சேகர் என் கடை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். எதிரே கூச்சல் கிளம்பினால் அவன் கழுத்து தானாக விறைக்கும். ஆட்டம் தொடங்கும் முன் அந்துவான் ஓடிவந்தார். சேகர் இடத்துக்கு வேறொருவனைப் போட்டிருக்கிறாராம். அவனுக்கு ஒரு டப்பா வேண்டுமாம். நான் வாயைத் திறக்கும் முன் சேகர் எழுந்து குறுக்கே நின்றான்.

"அவன இங்க அனுப்புங்க கோச். காலையில நான் இன்னா சாப்ட்டேன்னு என்னக் கேக்கச் சொல்லுங்க."

அந்துவான் வெறுங்கையோடு திரும்பினார், டப்பாக்கள் மேல்தட்டுக்குப் போய்விட்டன, இப்போது யார் வந்து ஹெல்மெட் மாத்திரை கேட்டாலும் ஏணி ரிப்பேர் என்று சொல்லித்தான் வியாபாரம் பார்க்கிறேன்.