எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறி ஓடிய படகு

பிள்ளைகளே, எங்கள் வீட்டில் சொந்தமாக ஒரு படகு இருக்கிறது என்று என் மகள் வகுப்பில் எழுந்து நின்று சொன்னாள். அப்போது எங்களிடம் படகு கிடையாது. மிதக்கிற பொருள் என்று பார்த்தால் குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் குவளை இருந்தது. அவ்வளவுதான். ஆனாலும் அந்தப் பொய்யில் பெரிய பங்கு என்னுடையது. அதனால் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

நான் ஈப்போவுக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். ஓய்வு நாளில் குடும்பத்தோடு ஏரிப் பூங்காவுக்குப் போவோம். முன்பு ரப்பர்த் தோட்டமாக இருந்த இடம் அது. நடைபாதை ஓரத்தில் இன்னும் ஒரு வரிசை ரப்பர் மரங்கள் நிற்கின்றன. வெயில் ஏறினால் காய் படார் என்று வெடிக்கும், என் மனைவி திடுக்கிட்டு என்னை அடிப்பாள். ஏரியில் மற்றவர்கள் படகில் போவதைப் பார்க்கும்போதெல்லாம் நான் மகளிடம், "பாப்பா, நாமளும் ஒரு போட்டு வாங்கிடலாம்" என்பேன். ஒரு முறை இரண்டு முறை அல்ல, நாலு வருடமாக இதையே சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாவது மாடி ஃப்ளாட்டில் குடியிருப்பவன் படகை எங்கே நிறுத்துவான் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

என் மகள் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது பள்ளி விடுமுறை முடிந்து ஆசிரியை எல்லாரையும் கேட்டாராம், விடுமுறையில் என்ன செய்தீர்கள் என்று. ஒரு பெண் லூமுட்டிலிருந்து ஃபெரியில் பங்கோர் தீவுக்குப் போனேன் என்றிருக்கிறாள். அவளுடைய தோழி நானும் கூடப் போனேன் என்றிருக்கிறாள். நாங்கள் அந்த விடுமுறையில் போன தூரம் பக்கத்து ஊரான சிம்பாங் பூலாய், அதுவும் காருக்கு டயர் மாற்ற. என் மகள் எழுந்து, "எங்கப்பாகிட்ட சொந்த போட்டே இருக்கு. என்னைய ஏத்திக்கிட்டு ஏரியில போவாரு" என்று சொல்லிவிட்டாள்.

அந்த இரண்டு பெண்களும் விடவில்லை. "அப்படின்னா சனிக்கிழமை காட்டு. நாங்க வர்றோம். காட்டலைன்னா திங்கக்கிழமை எல்லார்கிட்டயும் நீ பொய்க்காரின்னு சொல்லிடுவோம்."

அன்று சாயங்காலம் அவள் செருப்பு வைக்கும் அலமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். "வாங்கலாம் வாங்கலாம்னு சொன்னீங்கல்லப்பா? நான் வாங்கியாச்சுன்னு சொல்லிட்டேன்."

பிள்ளைகளே, 'பொய் சொன்னதை ஒத்துக்கொள்' என்று சொல்வதுதான் நல்ல அப்பாவுக்கு அழகு. அதைச் சொல்லத்தான் நான் வாயைத் திறந்தேன். வந்த வார்த்தை வேறு.

"போட்டு வாங்கிடலாம் பாப்பா."

இந்த முறை உண்மையிலேயே வாங்கினேன். காற்று அடைக்கிற ரப்பர் படகு. இரண்டு துடுப்போடு மடித்து ஒரு பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஓட்டை உடைசல் இருக்கிறதா என்று பார்க்க, நானும் என் மனைவியின் தம்பியும் அதை ஹாலில் விரித்து, கால் பம்பால் மாற்றி மாற்றி மிதித்தோம். அவனுக்கு எதையும் பாதியில் நிறுத்தத் தெரியாது. படகு ஊதிக்கொண்டே போய்ச் சோபாவைத் தள்ளியது, டிவியைத் தொட்டது, கடைசியில் சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றது.

உள்ளே இருந்து என் மனைவி கத்தினாள். "நான் எப்படிங்க வெளிய வர்றது?"

"போட்டுல ஏறி வாக்கா!" என்றான் அவள் தம்பி.

அவள் குழம்புச் சட்டியோடு ஏறி வந்தாள். வேறு இடம் இல்லாததால் அன்று நாங்கள் நாலு பேரும் படகுக்குள் உட்கார்ந்துதான் சாப்பிட்டோம். என் மகள் அழுகையை மறந்து, ஒரு கையில் துடுப்பும் ஒரு கையில் அப்பளமுமாக இருந்தாள்.

சாப்பிட்டு முடித்ததும் மனைவி கேட்டாள். "இதுக்குப் பூசை போட வேணாமா?"

எங்கள் வீட்டு வழக்கம் உங்கள் வீட்டிலும் இருக்கும். புது வண்டி வாங்கினால் சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி ஓட்டுவோம். கண் திருஷ்டி போகும் என்பார்கள். என் மனைவி இதில் ரொம்பக் கண்டிப்பு. எங்கள் வீட்டு வாஷிங் மெஷினுக்கே குங்குமம் உண்டு. பூசை போடாமல் விட்டது ஒரே ஒரு சைக்கிளுக்குத்தான், அது ஒரே வாரத்தில் காணாமல் போனது.

"போட்டுக்கு டயர் ஏதும்மா?" என்றேன்.

"அதான் நான் இருக்கேன்ல மச்சான்" என்றான் என் மைத்துனன். கோயில் திருவிழாவில் இரண்டு வருடம் பந்தல் கட்டியவன். அதனால் தனக்குப் பாதிப் பூசாரி வேலை தெரியும் என்பது அவன் நம்பிக்கை.

மறுநாள் காலை படகின் காற்றை இறக்கி மடித்து, பம்போடு ஏரிக்கு எடுத்துப் போய் மறுபடியும் ஊதினோம். ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். இது ஈயம் தோண்டிவிட்டுப் போன பழைய குட்டை அல்ல. ஈயக் குட்டையில் நீங்கள் காலைக்கூட நனைக்கக் கூடாது, திடீரென்று ஆழமாகிவிடும். இந்த ஏரியில் பிள்ளைகளுக்கென்று ஒரு பக்கம் கயிறு கட்டி, மிதவை போட்டு வைத்திருக்கிறார்கள். அங்கே எனக்கு இடுப்பளவு தண்ணீர்தான். நாங்கள் எல்லாருமே லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தோம். நான் மட்டும் லைஃப் ஜாக்கெட்டுக்குக் கீழே வேட்டி கட்டியிருந்தேன். "பூசைக்கு அரைக்கால் சட்டையோடயா நிப்பீங்க?" என்று மனைவி கேட்டுவிட்டாள். அரைக்கால் சட்டைக்கு மேலேயே வேட்டியைச் சுற்றிக்கொண்டேன்.

அந்த இரண்டு பெண்களும் எங்களுக்கு முன்பே வந்து காத்திருந்தார்கள். கூட்டி வந்தவர் முதல் பெண்ணின், அதாவது பங்கோர் பெண்ணின் அப்பா. கறுப்புக் கண்ணாடி போட்ட அமைதியான மனிதர். என் மகள் படகைக் காட்டி, "இதான்" என்றாள். இரண்டு பேரும் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். அதில் ஒருத்தி மட்டும், "தண்ணியில போவட்டும், அப்புறம் பாப்போம்" என்றாள். என் மகள் என் விரலைப் பிடித்தாள்.

ஏரிக்குள் இறங்குவதற்குச் சிமெண்டில் ஒரு சரிவு கட்டியிருக்கிறார்கள். அதன் மேல் முனையில் படகை வைத்தோம். மைத்துனன் அதன் மூக்கில், அதாவது முன்முனையில், சந்தனம் குங்குமம் வைத்தான். அப்புறம் தலையைச் சொறிந்தான். "நாலு டயர் இருக்குற மாதிரி நெனச்சுக்கலாம் மச்சான்" என்று நாலு எலுமிச்சம்பழத்தைப் படகின் அடியில் நாலு மூலைக்குச் செருகினான். பிறகு ஒரு வெற்றிலையைப் படகின் மூக்கிலேயே வைத்து, அதன் மேல் சூடத்தை வைத்துக் கொளுத்தினான்.

"டேய், ரப்பர்டா அது!"

"அரை நிமிசம்தான்லா மச்சான். வெத்திலை தாங்கும்."

எல்லாரும் கும்பிட்டோம். கறுப்புக் கண்ணாடிக்காரரும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். "இப்ப எலுமிச்சம்பழம் நசுங்கணும்" என்று சொல்லி மைத்துனன் படகைப் பின்னாலிருந்து ஒரு தள்ளு தள்ளினான்.

காருக்குக் கனம் உண்டு, அதனால் பழம் நசுங்கும். எங்கள் படகுக்குள் இருந்ததோ காற்று. ஒரு பழமும் நசுங்கவில்லை. நாலும் உருண்டன. நாலின் மேலும் ஏறிக்கொண்டு படகு கடகடவென்று சரிவில் இறங்கிச் சளப்பென்று ஏரிக்குள் போய்விட்டது. உள்ளே ஒருவரும் இல்லை. மூக்கில் மட்டும் சூடம் எரிந்துகொண்டிருந்தது. பின்னாலேயே நாலு எலுமிச்சம்பழமும் தண்ணீரில் குதித்தன.

கரையில் உடற்பயிற்சி செய்துகொண்டிருந்த சீனப் பாட்டிமார் ஆறேழு பேர் கையைத் தூக்கியபடியே நின்றுவிட்டார்கள். நடைப்பயிற்சிக்கு வந்த ஒரு தமிழ்ப் பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் படகைப் பார்த்துக் கும்பிட்டார்.

"தம்பி, தெப்பத் திருவிழாவா? சொல்லவே இல்லையே! சாமி எங்க?"

"சாமி இல்லைங்கய்யா, பூசை மட்டும்தான்" என்று சொல்லிக்கொண்டே நான் தண்ணீருக்குள் ஓடினேன். பூங்காக் காவலர், வயதான மலாய்க்காரர், விசில் ஊதிக்கொண்டே "ஆப்பி! ஆப்பி!" என்று கத்தினார். நெருப்பு நெருப்பு என்று அர்த்தம். அவர் சொன்னது சரிதான், வெற்றிலை தாங்கவில்லை. நான் இடுப்பளவு தண்ணீரில் போய்ச் சேர்வதற்குள் சூடம் அணைந்துவிட்டது. அணைகிறதற்கு முன்னால் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டது.

புஸ்ஸ்ஸ்.

படகுக்குத் தனித்தனியாகக் காற்று அறைகள் உண்டு. பின்பக்கமும் அடிப்பக்கமும் கும்மென்று இருந்தன. மூக்கு மட்டும், திட்டு வாங்கிய பிள்ளை மாதிரி மெல்ல மெல்லத் தலையைத் தொங்கவிட்டது. என் வேட்டியோ தண்ணீரில் காற்று வாங்கிக் குடை மாதிரி என்னைச் சுற்றி விரிந்து மிதந்தது. அந்த நேரத்தில் படகைவிட வேட்டிதான் நன்றாக மிதந்தது என்று மனைவி இன்றைக்கும் சொல்வாள்.

வேட்டியை உருவித் தோளில் போட்டுக்கொண்டு, படகைக் கரைக்கு இழுத்து வந்தேன். பங்கோர் பெண் குனிந்து பார்த்தாள். "உங்க போட்டுக்கு மூக்கு செத்துப்போச்சு."

என் மகள் அழவில்லை. லைஃப் ஜாக்கெட்டின் வாரைப் பிடித்து முறுக்கிக்கொண்டே இருந்தாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை. சிரித்துக்கொண்டிருந்த என் மைத்துனனும் அதைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினான். பம்பை எடுத்து மூக்கை மறுபடியும் ஊத வைத்தான். ஓட்டையின் மேல் தன் பெருவிரலை அழுத்தினான். புஸ் நின்றது.

"மச்சான், விரலை நான் எடுக்க மாட்டேன். நீங்க தள்ளுங்க. பாப்பா, ஏறு!"

காவலர் வந்து படகைப் பார்த்தார், விரலைப் பார்த்தார், பாப்பாவைப் பார்த்தார். கயிற்றைத் தாண்டக் கூடாது, இனிமேல் நெருப்பும் கூடாது என்று மலாய் மொழியில் சொல்லிவிட்டு, என்ன ஆகிறது என்று பார்க்கப் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

படகு புறப்பட்டது. முன்னால் என் மைத்துனன் குனிந்து, பெருவிரலை ஓட்டையில் வைத்தபடி பக்கவாட்டில் நண்டு மாதிரி நடந்தான். பின்னால் நான் தள்ளிக்கொண்டு நடந்தேன். நடுவில் என் மகள் இரண்டு துடுப்பையும் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். துடுப்பு தண்ணீரில் படவே இல்லை, காற்றில்தான் வலித்தாள்.

"அக்கா, மூக்கு அரிக்குதுக்கா" என்றான் மைத்துனன்.

"விரலை எடுத்தே, வீட்டுக்குள்ள சேக்க மாட்டேன்!" என்றாள் என் மனைவி கரையிலிருந்து.

அப்போது பங்கோர் பெண் கத்தினாள். "ஏய்! இது போட்டு போகல! உங்கப்பா நடக்கிறாரு!"

உடற்பயிற்சிப் பாட்டிமார்கூட ஏதோ புரிந்து திரும்பிப் பார்த்தார்கள். என் மகள் துடுப்பைக் கீழே வைத்தாள்.

"அப்பா, நில்லுங்க."

நாங்கள் நின்றோம். அவள் கரையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள். "நான் அன்னைக்குச் சொன்னப்ப எங்ககிட்ட போட்டு இல்ல. இந்த வாரம்தான் அப்பா வாங்குனாரு. அப்பாவுக்கு ஓட்டவும் தெரியாது."

கடைசி வரி தேவையே இல்லை. ஆனாலும் நாலு நாளாக என்னால் அவளிடம் சொல்ல முடியாததை அவளே சொல்லிவிட்டாள். இனி அந்தப் பெண்கள் சிரிக்கப் போகிறார்கள் என்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சரி சரி" என்றாள் பங்கோர் பெண். "நாங்க எப்ப ஏறுறது?"

பிறகு என்ன! இரண்டு பேரும் ஏறினார்கள். மூன்று பேரின் கனத்தில் படகு இன்னும் தாழ்ந்தது. கறுப்புக் கண்ணாடிக்காரர் கால்சட்டையை மடித்துக்கொண்டு இறங்கி, "அண்ணே, நீங்க களைச்சுட்டீங்க, நான் கொஞ்சம் தள்ளுறேன்" என்றார். என் மைத்துனனுக்கு மட்டும் மாற்று ஆள் கிடைக்கவில்லை. அவன் விரல் அளவுக்கு ஓட்டை பழகிவிட்டதாம். வெயில் ஏறும் வரைக்கும் நண்டாகவே நடந்தான். சூடத்துக்கு அது சரியான தண்டனை என்று என் மனைவி சொன்னாள்.

திங்கட்கிழமை நான் வேலை முடிந்து அவசரமாக வீட்டுக்கு வந்தேன். வகுப்பில் என்ன ஆனதோ என்று எனக்குப் பயம். என் மகள் மேசை முன்னால் உட்கார்ந்து தனக்குத் தானே சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்த இரண்டு பெண்களும் வகுப்பில் எழுந்து நடந்ததை அப்படியே சொல்லியிருக்கிறார்கள். படகு நாலு எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறி ஓடியது, ஆள் இல்லாமல் மூக்கில் தீயோடு ஏரிக்குள் போனது, ஒரு மாமா பெருவிரலால் கப்பலைக் காப்பாற்றினார், ஒரு தாத்தா அதைச் சாமி என்று கும்பிட்டார். ஒருவரும் நம்பவில்லை. வகுப்பே சிரித்திருக்கிறது. ஆசிரியை, "கற்பனை நல்லா இருக்கு, ஆனா நான் உண்மையைத்தான் கேட்டேன்" என்றாராம். என் மகள் எழுந்து, "உண்மைதான் டீச்சர், அது எங்க போட்டுதான்" என்றாளாம். அதைக் கேட்டு இன்னும் பலமாகச் சிரித்திருக்கிறார்கள். இப்போது வகுப்பில் பொய்க்காரிகள் மூன்று பேர்.

"உனக்குக் கஷ்டமா இல்லையா பாப்பா?"

"இல்லப்பா. ஓய்வு நேரத்துல மூணு பேரும் ஒண்ணாத்தான் உக்காந்தோம்." அவள் நூடுல்ஸ் துணுக்கு ஒட்டியிருந்த காலியான சாப்பாட்டு டப்பாவை என் முன்னால் தள்ளினாள். "அம்மாகிட்ட சொல்லுங்க, நாளைக்கு மீ கோரெங் நிறைய வைக்கணும். அவங்க ரெண்டு பேருமே பாதியைத் தின்னுட்டாங்க."