தேக்குப் பாடியும் வண்டிப்பட்டை இரும்பும்

1. ஒரே பேச்சு

காரைக்குடிச் செக்காலையில் நான் மோட்டார் ஒர்க்ஷாப் வைத்து நாலாம் வருஷம். ஒரு செட்டியார் பழைய டூரிங் கார் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார். கூரை கிழிந்து, இருக்கை பஞ்சு பிதுங்கி நின்ற வண்டி. அதைப் பன்னிரண்டு பேர் உட்காரும் பஸ்ஸாக மாற்றி, காளையார்கோவிலுக்கும் காரைக்குடிக்கும் இடையில் ஓட்ட வேண்டும் என்பது அவர் எண்ணம்.

"மேஸ்திரி, என்ன செலவாகும்னு ஒரே பேச்சாச் சொல்லிப்புடுங்க. அப்புறம் இது தேஞ்சுபோச்சு, அது உடைஞ்சுபோச்சுன்னு வந்து நிக்கக் கூடாது" என்றார்.

கியர் பெட்டியைத் திறந்து பார்க்காமல், பின் ஆக்சிலை இறக்கிப் பார்க்காமல், நானூற்று ஐம்பது ரூபாய் என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாள் அவகாசம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். கேட்டால் தொழில் தெரியாதவன் என்று நினைப்பாரோ என்று எனக்குக் கூச்சம்.

"மரம் என்னுது. வீடு கட்டுன தேக்கு மிச்சம் கெடக்கு. பர்மாத் தேக்கு. அதுல பாடி கட்டுங்க" என்றார். மரச்செலவு மிச்சம் என்று மனதுக்குள் சந்தோஷப்பட்டேன். எடையை நான் நினைக்கவே இல்லை.

பாடி கட்ட வந்த தச்சாசாரி அதுவரை வீட்டுக்கு நிலை, கதவு செய்தவர். பஸ்ஸுக்கும் அப்படியே செய்தார். மூன்றங்குலக் கனத்தில் சட்டம், ஒவ்வொரு மூலையிலும் பூ வேலை. "பேரன் காலத்துக்கும் அசையாது மேஸ்திரி" என்றார். அவர் சொன்னது உண்மை. அந்தப் பாடி இன்றுவரை அசையவில்லை, அடியில் இருந்ததுதான் முறிந்தது.

2. எட்டு ரூபாய்

பாடியைத் தூக்கிச் சேசிஸ்மேல் வைக்க வழக்கமாக எட்டுப் பேர் போதும். அன்று பதினாறு பேர் வேண்டியிருந்தது. வைத்ததும் வில்லாக வளைந்திருக்க வேண்டிய பின் ஸ்பிரிங் பலகை போல நேராகப் படுத்துவிட்டது. அதை நான் பார்த்தேன். பார்த்தேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன்.

பக்கத்துக்கு இரண்டு பட்டை கூட வைத்து ஸ்பிரிங்கைக் கனப்படுத்த வேண்டும். சரியான ஸ்பிரிங் எஃகு சென்னையிலிருந்து வர வேண்டும். விசாரித்தால் எண்பத்தைந்து ரூபாய், மூன்று வாரம். ஏற்கெனவே கியர் பெட்டியில் இரண்டு பல்சக்கரம் மாற்றியதில் கைக்காசு போயிருந்தது. செட்டியாரிடம் போய்க் கேட்கலாம். ஆனால் ஒரே பேச்சு என்று சொல்லியாகிவிட்டது. எங்கள் ஊரில் சொன்ன விலையை ஏற்றிக் கேட்கிறவன் மறுபடி கடைத்தெருவில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது என்று நான் நம்பியிருந்தேன்.

கொல்லாசாரியிடம் போனேன். மாட்டு வண்டிச் சக்கரத்தைச் சுற்றிப் போடும் இரும்புப் பட்டை அவரிடம் கிடந்தது.

"இதக் காய்ச்சி வளைச்சு நாலு பட்டை அடிச்சுத் தர முடியுமா?"

"அடிக்கலாம். ஆனா இது மெத்து இரும்பு மேஸ்திரி. வளைஞ்சா வளைஞ்சபடியே நிக்கும், திரும்பி வராது."

"கொஞ்ச நாளைக்குத்தான். பெறகு மாத்திக்கிருவேன்."

"அப்ப உங்க பாடு" என்று சொல்லி அடித்துக் கொடுத்தார். எட்டு ரூபாய். வர்ணம் அடித்ததும் எது எஃகு, எது வண்டிப்பட்டை என்று எனக்கே தெரியவில்லை. செட்டியார் வந்து பார்த்து, சொன்ன பணத்தை எண்ணிக் கொடுத்து, வெற்றிலையும் வைத்துக் கொடுத்தார்.

3. கண்மாய்க் கரை

வண்டி ஒன்றரை மாதம் ஒழுங்காக ஓடியது. அந்தச் சமயத்தில் என் மகள் வள்ளி காளையார்கோவிலில், புகுந்த வீட்டில், ஏழு மாதக் கர்ப்பிணி. தலைப்பிரசவம் எங்கள் வீட்டில். அழைத்துவர நானே போனேன். சம்பந்தி நல்ல விவசாயி, நிதானமான மனிதர். "எங்க வில்வண்டிய பூட்டித் தர்றேன். மெதுவாப் போகலாம்" என்றார்.

"நான் கட்டுன பஸ் இருக்கு சம்பந்தி. ரெண்டு மணி நேரத்துல வீட்டுல இருப்பா" என்றேன். எனக்கு அன்று அவ்வளவு பெருமை.

கல்லல் வருவதற்கு முன்னால் கண்மாய்க் கரைமேல் ஏறியபோது பின்பக்கம் வெடி போல ஒரு சத்தம். வண்டிப்பட்டை தாங்காமல் படுத்து, பாரம் முழுவதும் ஸ்பிரிங்கின் பழைய மெயின் பட்டையில் விழுந்து, அது முறிந்துவிட்டது. ஆக்சில் ஒரு பக்கம் பின்னால் போயிற்று. வண்டி கரையிலிருந்து சரிந்து ஒரு பனைமரத்தில் சாய்ந்து நின்றது. மற்றவர்களுக்குச் சிராய்ப்புதான். வள்ளி மட்டும் எதிர்ப் பெஞ்சின் தேக்கு விளிம்பில் போய் மோதினாள்.

"அப்பா, ஒண்ணுமில்லப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். இடுப்பைப் பிடித்திருந்த கையை மட்டும் எடுக்கவில்லை.

காளையார்கோவில்தான் பக்கம். வயல் வேலைக்குப் போன ஒரு வண்டியை மறித்து, வைக்கோல் பரப்பிப் படுக்கவைத்துத் திருப்பிக் கொண்டுபோனோம். மூன்றாம் நாள் குறைமாதத்தில் ஆண் குழந்தை பிறந்தது. இரண்டு உயிரும் பிழைத்தது சம்பந்தி வீட்டுப் பெண்களின் கைராசி. காரைக்குடியில் என் மனைவி பிரசவத்துக்கென்று ஒழித்து, வெள்ளையடித்து வைத்திருந்த அறை அப்படியே கிடந்தது.

4. செட்டியார் சொன்னது

மறுவாரம் செட்டியாரிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். எட்டு ரூபாய்ப் பட்டையையும் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"எங்கிட்ட வந்து கேட்டிருக்கலாம்ல?"

"சொன்ன பேச்சு மாறக் கூடாதுன்னு..."

"பேச்சக் காப்பாத்துனீக. வண்டியக் காப்பாத்தலையே. கப்பல்ல சரக்கு அனுப்புறவன் நானு. வழியில வெல ஏறுனா எனக்கும் ஆளு வந்து சொல்லத்தான் செய்றான். நான் அவனத் தூக்குலயா போடுறேன்?"

அன்று நான் அழுதுவிட்டேன். தேக்குப் பாடியை இறக்கி அவர் மாட்டுக் கொட்டகைக்கு அனுப்பினோம். லேசான மரத்தில் சட்டம் கட்டிக் கான்வாஸ் போட்டு, சென்னைப் பட்டை வைத்துப் புதிதாகக் கட்டினேன். செலவில் பாதி அவர், பாதி நான். மணல் மூட்டை பன்னிரண்டு ஆள் கனத்துக்கு ஏற்றி, அதே கரையில் முப்பது தடவைக்கு மேல் போய் வந்தேன்.

5. மாட்டு வண்டிக்குப் பின்னால்

சம்பந்தி வீட்டில் வள்ளியை மட்டும் அனுப்பவில்லை. மூன்று தடவை போய்க் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் மோர் கொடுத்தார்கள், சாப்பாடு போட்டார்கள். "இப்ப வேண்டாம் சம்பந்தி" என்ற ஒரு சொல்தான் பதில். அதில் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பேரனை அங்கே கூடத்தில் மடியில் வைத்துக்கொண்டு, பிறகு கொடுத்துவிட்டு வருவேன். என் மனைவி வாசலில் நின்று என் கையைத்தான் முதலில் பார்ப்பாள், ஏதோ நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டதைப் போல.

ஒன்றரை வருஷம் கழித்து, பேரனுக்கு மொட்டையடித்துக் காது குத்த எங்கள் ஊருக்கு அனுப்பச் சம்மதித்தார்கள். நான் பஸ்ஸோடு போய் நின்றேன். சம்பந்தி வண்டியைச் சுற்றி வந்து, குனிந்து, பின் ஸ்பிரிங்கைக் கையால் தட்டிப் பார்த்தார்.

"நல்லாத்தான் கட்டிருக்கீக. ஆனா பொண்ணும் புள்ளையும் எங்க வில்வண்டியிலதான் வருவாக. நீக முன்னால போயிருங்க."

"பின்னாலேயே வர்றேன் சம்பந்தி."

"இருபது மைலு. மோட்டார வச்சுக்கிட்டு மாட்டுக்குப் பின்னாலயா?"

வில்வண்டிக்காரர் சிரித்தார். "வாங்க மேஸ்திரி. ஆனா ஹாரன அடிச்சிராதீக. எம் மாடு மோட்டாருச் சத்தத்துக்குப் பழகுன மாடு இல்ல."

முதல் கியரிலேயே போனேன். நாலு மைலுக்கு ஒரு தடவை ரேடியேட்டர் கொதித்தது. வாளியில் தண்ணீர் மொண்டு ஊற்றிவிட்டு ஓட்டிப்போய் மறுபடி பின்னால் சேர்ந்துகொள்வேன். ஒரு இடத்தில் வள்ளி எட்டிப் பார்த்து, "அப்பா, முன்னால போங்க. பெட்ரோல் வீணாப் போகுது" என்றாள்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். பழைய வண்டியைத் திறந்து பார்க்கும்வரை விலை சொல்லாதீர்கள். சொன்ன பிறகு செலவு ஏறினால் அன்றைக்கே போய்ச் சொல்லுங்கள். ஒரு நாள் முகம் சுண்டிப்போகும், அவ்வளவுதான். அந்த ஒரு நாளுக்குப் பயந்து நான் மிச்சம் பிடித்த எழுபத்தேழு ரூபாயின் விலை எனக்கு மட்டும் தெரியும்.

கண்மாய்க் கரை வந்தது. வள்ளி வில்வண்டியின் பின்பக்கம் என்னைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கரையில் ஏறியதும் குழந்தையை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை. என் வண்டியின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள், நான் விழுந்துவிடுவேனோ என்பது போல. கரை முடிந்து இறங்கிய பிறகுதான் கண்ணை எடுத்தாள். பிள்ளையின் கையைப் பிடித்து என்னை நோக்கி ஆட்டினாள்.

அவள் புகுந்த வீடு போன நாளிலிருந்து அவள் முகத்தை அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் நான் பார்த்ததில்லை. காரைக்குடி இன்னும் பன்னிரண்டு மைல் இருந்தது. கியரை நான் மாற்றவில்லை.